மூன்று மாதம், ஒன்றரை டப்பா அமினோ பொடி

முதலில் மூடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருகித் திறந்தால் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கிறது, பிடித்து இழுக்க ஓரத்தில் ஒரு காது. காது கையோடு வந்துவிட்டது, தாள் அப்படியே இருந்தது. கத்தரிக்கோலால் குத்திக் கிழித்து முடிப்பதற்குள் என் முன்கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தெம்பு தரும் என்று விற்கிற டப்பாவைத் திறக்கவே அன்றைய தெம்பில் பாதி போய்விட்டது.

எனக்கு ஆறு வருடமாக எம்.இ./சி.எஃப்.எஸ்., அதாவது நாள்பட்ட சோர்வு நோய். ஒரு காய்ச்சலோடு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, இது போகவில்லை. பிழைதிருத்துநராக நாளுக்கு அறுபது பக்கம் பார்த்தவள், இப்போது ஆறு பக்கம் பார்த்தாலே வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. 'எனக்கும்தான் அசதியா இருக்கு' என்று சொல்பவர்களுக்காக ஒன்று: இந்த நோயின் அடையாளமே, செய்த வேலைக்குப் பிறகு வரும் சரிவுதான். இன்று தலைக்குக் குளித்தால் இன்று ஒன்றும் ஆகாது. நாளை மறுநாள் எழுந்திருக்க முடியாது. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் தந்த வரையறையில் இவை இரண்டும் கட்டாய அறிகுறிகள்.

பொடியை வாங்கி வந்தவன் தம்பி.

"அக்கா, ஜிம்முல எல்லாரும் இதத்தான் குடிக்கிறாங்க. உனக்கும் தசையிலதான பிரச்சினை?"

"தசை நல்லாத்தான்டா இருக்கு. சார்ஜ்தான் நிக்க மாட்டேங்குது."

ஆனாலும் குடித்துப் பார்க்கச் சம்மதித்தேன். 2016-ல் நார்வேக்காரர்கள் இந்த நோயுள்ள 200 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து, அமினோ அமிலங்களில், அதாவது புரதத்தின் துண்டுகளில், சில குறைவாக இருக்கின்றன, பெண்களுக்கு இது கூடுதலாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரையை எரிசக்தியாக மாற்றும் பாதையில் பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது சரியாக வேலை செய்யாததால் உடம்பு அமினோ அமிலங்களை எடுத்து எரிக்கிறதோ என்பது அவர்களுடைய ஊகம். இதைக் காட்டித்தான் பொடி விற்கிறார்கள். ஊற்று அடைத்திருக்கிறதா, யாராவது அதிகம் இறைக்கிறார்களா என்று பார்க்காமல் கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இது. தெரிந்தேதான் குடித்தேன். ஆறு வருடம் படுத்துப் பாருங்கள், நீங்களும் ஊற்றுவீர்கள்.

பொடி தண்ணீரில் கரைவதில்லை. அதிலுள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் தண்ணீரோடு சேராது. எவ்வளவு கலக்கினாலும் மேலே வெள்ளையாக ஏடு கட்டும், டம்ளர் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ருசி, மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் மென்ற கசப்பு. செயற்கைப் பழ வாசனை சேர்த்திருக்கிறார்கள். அது கசப்பை மறைக்கவில்லை, கசப்போடு ஒரு பழமும் இருக்கிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மூடிய பாட்டிலில் குலுக்கி, ஏடு கட்டுவதற்குள் ஒரே மூச்சில் குடித்துவிட வேண்டும். குலுக்கக் கை ஓயும் நாட்களில் குலுக்கித் தர ஆள் வேண்டும்.

என் பெரிய மனக்குறை லேபிளின் மேல். பன்னிரண்டு அமினோ அமிலங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எது எவ்வளவு என்று கேட்டால், 'பிரத்யேகக் கலவை, ஒரு கரண்டிக்கு மொத்தம் 5 கிராம்'. விலை குறைந்த ஒன்றை 4 கிராம் போட்டு மற்ற பதினொன்றையும் பெயருக்குத் தூவியிருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் ஆரோக்கியப் பயணத்துக்கு வாழ்த்துகள்' என்று பதில் வந்தது. அந்த 5 கிராமையும் யோசித்துப் பாருங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, உடம்பால் தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதிலேயே வந்துவிடுகின்றன.

கொஞ்சமாவது நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று உண்டு. கோவிட்டுக்குப் பிறகு சோர்வு நீங்காத 41 பேரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது, 2023-ல் வெளியானது. பாதிப் பேருக்கு அமினோ அமிலக் கலவை, மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அமினோ அமிலம் இல்லாத போலி மருந்து, நான்கு வாரம். தசை தன் சக்தியை மீட்டுக்கொள்ளும் வேகத்தைத்தான் முக்கியமாக அளந்தார்கள், அதில் வித்தியாசம் இல்லை. ஆனால் கலவை குடித்தவர்கள் தங்கள் சோர்வு குறைந்ததாகச் சொன்னார்கள். சரி, அளவு எவ்வளவு? வேளைக்கு 33.9 கிராம், தினம் இரண்டு வேளை. என் டப்பாவோடு வந்த கரண்டியில் வேளைக்கு ஏழு கரண்டி! இந்த ஆய்வைச் சொல்லி ஒரு கரண்டி பொடியை விற்பது எந்த ஊர் நியாயம்?

இனி என் கணக்கு. கால் தரையில் இருக்கும் நேரத்தை, அதாவது நின்றோ நடந்தோ நிமிர்ந்து உட்கார்ந்தோ இருக்கும் நேரத்தை, நான் தினமும் குறித்து வைப்பேன். பொடிக்கு முந்தைய இரண்டு வாரத்தின் சராசரி 3 மணி 10 நிமிடம். பொடி ஆரம்பித்த முதல் இரண்டு வாரம் வயிற்று உப்புசம் தவிர ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் 4 மணி நேரத்தைத் தொட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்காவது வாரம் ஒருநாள், ஆறு வருடத் தூசியோடு நின்ற புத்தக அலமாரியின் இரண்டு தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். அன்று சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாளும் நன்றாகவே இருந்தேன். அதற்கும் மறுநாள் திரைச்சீலையைக்கூட விலக்கவிடாமல் படுத்தவள், ஒன்பது நாள் எழவில்லை. பொடியை விடாமல்தான் குடித்தேன். தம்பிதான் குலுக்கிக் கொடுத்தான்.

எழுந்தபின் நோட்டைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. 'வெறும் வயிற்றில் குடித்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடவும்' என்று டப்பாவில் போட்டிருந்தது. அந்த அரை மணி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் காலையும் மாலையும் டைமர் வைத்துக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அதற்கு முன் நான் அப்படிப் படுத்ததே இல்லை, முடியாமல் போனபிறகுதான் படுப்பேன். ஆறு வாரம் முடிந்ததும் பொடியை நிறுத்தினேன். அடுத்த இரண்டு வாரம் வெறும் வெந்நீர், அதே டைமர், அதே அரை மணி. சராசரி 3 மணி 50 நிமிடம். பொடியின் நல்ல வாரத்துக்கும் இதற்கும் பத்து நிமிடம்தான் வித்தியாசம். தனி ஒருத்தியின் நோட்டு, ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் வெந்நீருக்கு உப்புசம் இல்லை.

கடைசி நான்கு வாரம் அசிடைல் கார்னிடைன் கேப்ஸ்யூல் மாத்திரை. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் பொருள்தான் கார்னிடைன், கொழுப்பை செல்லின் உலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2004-ல் 90 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலருக்குக் குணம் தெரிந்ததாகப் பதிவு உண்டு, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து கொடுக்கவில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன் என்று தம்பியிடம் பாதி மாத்திரைகளைப் பிரித்துக் கொட்டிவிட்டு மாவு அடைக்கச் சொன்னேன், எந்த பாட்டிலில் எது என்று சொல்லாதே என்றும் சொன்னேன். முதல் நாளே குட்டு உடைந்தது. ஒரு பாட்டிலில் புளித்த காடி வாசனை, மாத்திரைகள் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. தலைக்குள் இருக்கும் பஞ்சு கொஞ்சம் விலகிய மாதிரி இருந்தது, தூக்கமும் அதோடு விலகியது. மாலை வேளையை நிறுத்தியதும் தூக்கம் திரும்பியது, பஞ்சும் திரும்பியது.

யாராவது முயல்வதானால்: மன அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் பக்கம் தானாகப் போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் செரடோனின் அளவுமீறி ஏறலாம். தைராய்டுக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கார்னிடைனைத் தொடாதீர்கள். சிறுநீரகம், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இதேதான். எம்.இ./சி.எஃப்.எஸ். நோயைக் குணப்படுத்த மருந்தோ சத்து மாத்திரையோ கொடுக்காதீர்கள் என்று, சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் தன் மருத்துவர்களுக்கு எழுதியே வைத்திருக்கிறது.

பொடிக்கு ஐந்தில் ஒன்று, அதுவும் டப்பாவில் அந்த அரை மணி நேரத்தை அச்சடித்ததற்காக. கார்னிடைனுக்கு இரண்டு. டைமருக்கு நான்கு. இரண்டாவது டப்பாவில் பாதி மிச்சம் இருந்தது, தம்பி ஜிம்முக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். கரண்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். சலவைத் தூள் அளக்கச் சரியாக இருக்கிறது.