டெக்கும் அம்மம்மாவின் குரலும்: 41 வீடியோ கசற்றுகள், இரண்டு வருஷ அனுபவம்

போன கிழமைதான் வீடியோ கசற் ஓட்டும் டெக் திருத்தி முடிந்து வீட்டுக்கு வந்தது. அன்றிரவே ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் கேட்டாள்: "பழைய கசற்றுகளைக் கணினியில ஏத்த எந்தப் பெட்டி நல்லது?" இரண்டு வருஷத்துக்கு முன் நானும் இதே கேள்வியோடுதான் தொடங்கினேன். 41 கசற்றுகளை ஏற்றி முடித்த கையோடு சொல்கிறேன்: முதலில் டெக்கைப் பாருங்கள். பெட்டியைப் பிறகு பார்க்கலாம்.

நான் முதலில் வாங்கியது 3,500 ரூபாய்க்கு ஒரு சின்ன யூஎஸ்பி கப்சர் ஸ்டிக், டெக்கில் இருந்து வரும் படத்தையும் சத்தத்தையும் கணினிக்குள் ஏற்றும் சாமான். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களைச் செருகினால் போதும் என்று கடையில் சொன்னார்கள். முதல் கசற் சின்ன மாமாவின் கல்யாணம், 1991, பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம். நிறத்தில் குறை சொல்ல முடியாது. கூறைச் சேலையின் சிவப்பு அப்படியே வந்தது. ஆனால் தாலி கட்டும் இடம் வந்தபோது பார்த்தேன்: மாமா தாலியைக் கட்டி முடித்து நிமிர்ந்த பிறகுதான் கெட்டிமேளம் கேட்கிறது. ஆசீர்வாதம் நடக்கும் நேரத்தில் ஐயரின் வாய் மூடியிருக்க, மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. நம் நாட்டில் பாவித்த பால் (PAL) என்ற ரீவி முறையில் ஒரு செக்கனுக்கு 25 பிரேம், அதாவது 25 தனிப்படம். பழைய நாடா ஓடும்போது சிக்னல் கொஞ்சம் ஆடும். கமெராக்காரர் நிறுத்தி நிறுத்தி எடுத்த ஒவ்வொரு இடத்திலும் அது ஒரு கணம் அறுந்தும் போகும். அந்த நேரத்தில் ஸ்டிக் ஒன்றிரண்டு பிரேமைத் தவற விட்டுவிடுகிறது. சத்தமோ தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பிரேம் போனால் 40 மில்லி செக்கன், யாருக்கும் தெரியாது. 100 பிரேம் போனால் நான்கு செக்கன். கல்யாணக் கசற்றில் அப்படி அறுந்த இடங்களுக்குக் கணக்கில்லை. நான் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, இரவிரவாக இருந்து சரி செய்து பார்த்தேன். அந்த மூன்று மாதம் இப்போதும் மனதில் கிடந்து எரிகிறது.

இதைத் தீர்த்தது லண்டனில் இருந்து சித்தப்பா சூட்கேசில் கொண்டு வந்த ஒரு பழைய டிவிடி ரெக்கோடர்: பனசோனிக் டிஎம்ஆர்-ஈஎஸ்10. இதுவரை அதில் ஒரு டிவிடி கூட நான் போடவில்லை. டெக்கில் இருந்து வரும் சிக்னல் அதற்குள் போய் வெளியே வரும்போது, படத்தின் ஆடும் கோடுகளை அது நேராக்கி, ஒழுங்கான நேரத்தில் அனுப்பிவிடும். வளைந்து கிடந்த படத்தின் மேல் விளிம்பு முதல் நாளே நிமிர்ந்தது. அப்புறம் அதே 3,500 ரூபாய் ஸ்டிக், அதே கல்யாணக் கசற், முழுவதும் ஓட விட்டேன். கெட்டிமேளம் தாலியோடு சேர்ந்து கேட்டது. நியாயமாகப் பார்த்தால் ஸ்டிக்கில் மட்டும் பிழை இல்லை, அதற்கு ஒழுங்கான சிக்னலைக் கொடுத்தால் ஒழுங்காகவே வேலை செய்கிறது. இருந்தும் அதை வாங்கு என்று ஒருவருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த இடத்தில் எத்தனை பிரேம் போனது என்று அதோடு வந்த மென்பொருள் ஒரு சொல் சொல்லவில்லை. பிறகு வேர்ச்சுவல்டப் என்ற மென்பொருளுக்கு மாறினேன். தவறிய பிரேம்களின் எண்ணிக்கையை அது ஓட ஓடக் காட்டும். இழப்பில்லாமல் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 30, 35 ஜிபி போகும். இடத்துக்குக் கஞ்சப்படாதீர்கள்.

படம் சரி. நான் சொல்ல வந்தது சத்தத்தைப் பற்றி.

1993 தைப்பொங்கல் கசற் ஒன்று இருக்கிறது. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அனெக்ஸின் பின்வாசலில் அம்மம்மா துருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறார். என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. போர்வைக்குள் இருந்து பேசுவது போல ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. கசற் பழுதாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம்.

டெக்கைக் கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான ஐயாவிடம் கொடுத்திருந்தேன். றோலர் இறுகி நாடாவை இழுத்துக்கொள்கிறது என்பதுதான் என் முறைப்பாடு. அவர் அதை மாற்றிவிட்டு, "நீங்கள் பார்க்கிற கசற் ஒண்டு தாங்கோ" என்றார். பொங்கல் கசற்றைக் கொடுத்தேன். மூடியைத் திறந்தபடியே ஓட விட்டு, சத்தம் படிக்கும் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் ஒரு திருகாணியைக் காட்டினார். பால் முறை வீடியோ கசற்றின் (விஎச்எஸ்) நாடா செக்கனுக்கு 2.34 சென்ரிமீற்றர்தான் ஓடுகிறது. பாட்டுக் கசற்றின் வேகம் 4.76, அதில் பாதி கூட இல்லை. அவ்வளவு மெதுவாக ஓடும் நாடாவில் ஹெட் ஒரு நூலளவு சரிந்திருந்தாலும் "ச", "ஸ" போன்ற கூரான ஒலிகள் எல்லாம் போய்விடும், மிஞ்சுவது முணுமுணுப்புத்தான். திருகாணி இருந்த இடத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு, அவர் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார்.

முதலில் வளையல் கேட்டது. அடுத்து தேங்காய் துருவும் சர் சர் என்ற சத்தம். அதற்குப் பிறகு அம்மம்மா: "வெய்யிலுக்க நிக்காதை, இஞ்சால வா."

ஐயா ரிமோட்டை என் கையில் தந்துவிட்டு வெளியே போனார். நான் எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் போட்டேன் என்று தெரியாது.

இதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. அது இன்றுவரை தீரவில்லை. ஒரு கமெராவில் எடுத்த கசற்றுக்குச் சரியாக வைத்தால் இன்னொன்றில் எடுத்ததற்குப் பிழைக்கும். ஆகவே கசற்றுக்குக் கசற் மூடியைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதே ஹெட்டில் உள்ள மற்றத் திருகாணிகளைத் தொட்டால் படமே குழம்பும். டெக்குக்குள் மின்சாரம் ஓடுகிறது, பழக்கம் இல்லாதவர்கள் கை வைக்கவே வேண்டாம். திருத்துகிறவரிடம் உங்கள் கசற் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள், அது போதும்.

பூஞ்சணம் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கம் வைத்த கசற் என்றால் முதலில் அதன் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாக நூல் நூலாகத் தெரிந்தால் டெக்கில் போடவே கூடாது. ஒரு கசற்றின் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் போகும். எங்களுடையதில் ஆறு அப்படி இருந்தன. சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பிஸ்கட் டின்னில் அடைத்து நன்றாகக் காய விட்டு, பிறகு துடைத்தோம். நான்கு தப்பின.

இனி டெக். பாவித்த சாமான்தான், 18,000 ரூபாய். அம்மம்மாவின் குரலைத் தந்தது அதுதான், மறக்க மாட்டேன். தங்கச்சியின் முதலாம் பிறந்தநாள் கசற்றை இழுத்துக் கசக்கியதும் அதுதான். கேக் வெட்டும் இடம் போயே போய்விட்டது. உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த பூனாய் நிறுவனம் 2016 யூலையில் நிறுத்திவிட்டது. இனிப் புதிது கிடையாது, கிடைப்பது எல்லாம் வயதானவை. ஆகவே நான் வைத்திருக்கும் மொடலை வாங்காதீர்கள். என்னுடையதை நான் விற்கவும் மாட்டேன்.

மச்சாளுக்கு எழுதியது இவ்வளவுதான். கனடாவில் எடுத்த கசற்றுகள் என்ரிஎஸ்சி (NTSC) என்ற வேறு ரீவி முறையில் இருக்கும், ஒரு படத்துக்கு 525 கோடு. எங்களுடைய பாலில் 625. இங்கே உள்ள பல டெக்குகள் என்ரிஎஸ்சி கசற்றை அரைகுறையாக மாற்றித்தான் வெளியே விடுகின்றன. ரீவி அதை ஏற்றுக்கொள்ளும். ஸ்டிக்கிலோ படம் கறுப்பு வெள்ளையாகிவிடும், இல்லாவிட்டால் உருளும். அவற்றை அங்கேயே ஒரு டெக் தேடி ஏற்றட்டும். கொழும்பில் இருந்து அந்தக் காலத்தில் நாங்கள் அனுப்பிய கசற்றுகளை மட்டும் இங்கே அனுப்பச் சொன்னேன். தபாலில் வேண்டாம், வருகிறவர்களின் கைப்பையில். அனுப்ப முதல் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்.

ஏழு கசற்றுகள் இருக்கின்றனவாம். தைப்பொங்கலுக்கு வருகிற மாமியிடம் கொடுத்துவிடுகிறாள்.