முள்ளோடைக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால் முள்ளோடையில் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. வீடு கட்டுகிறவருக்கு அங்கே மாறும் முக்கியமான விஷயம், பிளான் அப்ரூவல் யார் தருவது என்பது.

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது. 2022 தேர்தலில் கவுன்சிலர்களும் வந்தார்கள். அதற்காக உங்கள் வரைபடத்தை மாமன்றம் விரித்து வைத்துப் பேசும் என்று நினைக்க வேண்டாம். சின்ன வீடு என்றால் முன்கூட்டி யாரும் நேரில் பார்ப்பதுகூட இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறைப்படி, அதாவது எல்லாம் விதிப்படி என்று உரிமையாளரே உறுதி தரும் முறைப்படி, மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும் இருந்தால் போதும். ஒற்றைச் சாளர இணையதளத்தில் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றிப் பணம் கட்டினால் உடனே அனுமதி. பணி நிறைவுச் சான்றும் கேட்பதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் விதிப்படி என்று கையெழுத்துப் போட்டது நீங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விழுங்கிக் கட்டி, அடுத்த வீட்டுக்காரர் மனுக் கொடுத்தால், "ஆபீசில் பார்த்துத்தானே கொடுத்தார்கள்" என்று சொல்ல வழியில்லை. தகவல் தவறென்றால் அனுமதி ரத்து.

புதுச்சேரியில் கவுன்சிலரே கிடையாது. 1968-க்குப் பிறகு 2006-ல் ஒரு முறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது, அவ்வளவுதான். பிளானைப் பார்ப்பது நகர அமைப்புக் குழுமம். வரைபடம் அதிகாரிகள் கண்ணில் பட்டுத்தான் வெளியே வரும். புறநகரில் புது மனைக்கு இது வெறும் காத்திருப்பு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வீதிகளிலோ, மேற்கே திண்ணையும் தாழ்வாரமுமாக இருக்கும் தமிழர் வீதிகளிலோ பழைய வீடு வைத்திருந்தால் கதை வேறு. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் அதற்கென்று தனிக் குழுவும் பார்க்கும். முகப்பை இடித்துக் கண்ணாடி மாட்டும் ஆசை அங்கே எடுபடாது. எடுபடவும் கூடாது என்பது என் கட்சி.

புது மனையில் இரண்டு படுக்கையறை வீடு என்றால் நான் கடலூர்ப் பக்கம்தான் கைகாட்டுவேன். ஒன்று மட்டும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, கடலூரில் தென்பெண்ணை ஆறு கரை புரண்டது. உடனடி அனுமதி தரும் இணையதளம் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று சொல்லாது. டீக்கடையில் கேட்டுவிட்டு அஸ்திவார உயரத்தை முடிவு செய்யுங்கள்.