தின்யானெல்லோ: வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தின்யானெல்லோ என்பது இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில் அந்தினோரி நிறுவனம் தயாரிக்கும் சிவப்பு ஒயின். அதன் பாட்டில் லேபிளில் 'டொஸ்கானா ஐ.ஜி.டி.' என்றுதான் போட்டிருக்கும். இத்தாலிய ஒயின் தரவரிசையில் அது டி.ஓ.சி.ஜி., டி.ஓ.சி. என்னும் இரண்டு மேல்படிகளுக்கும் கீழே வருகிறது. ஆனால் விலையோ இத்தாலியிலேயே நூறு யூரோவுக்கு மேல். இந்த முரண்பாட்டுக்குக் காரணம், டஸ்கனியின் பெயர்பெற்ற சிவப்பு ஒயினான கியாந்திக்கு இருந்த பழைய விதிகள். 1967-ல் வந்த விதிப்படி கியாந்தி சிவப்பு ஒயினில் 10 முதல் 30 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்த்தாக வேண்டியிருந்தது. அதனால் ஒயின் வெளிறிப்போகும், சீக்கிரமே தளர்ந்தும் விடும். நிறுவனத்தின் பியரோ அந்தினோரியும் அவருடைய ஒயின் நிபுணர் ஜாக்கொமோ தாக்கிஸும் 1971 விண்டேஜோடு (அறுவடை ஆண்டு) கியாந்தி என்ற பெயரையே கைவிட்டு, வெறும் 'மேசை ஒயின்' என்று விற்றார்கள். 1975-ல் வெள்ளைத் திராட்சை கலவையிலிருந்து முழுதாக விலகியது. வேடிக்கை என்னவென்றால், கியாந்தியின் பழைய மையப் பகுதி ஒயினான கியாந்தி கிளாசிக்கோவின் இன்றைய விதியில் வெள்ளைத் திராட்சைக்கே இடமில்லை. குறைந்தது 80 சதவீதம் சாஞ்சியோவேசே என்னும் சிவப்புத் திராட்சை இருந்தால் போதும். விதிதான் இந்த ஒயினைத் தேடி வந்திருக்கிறது.

கலவை ஏறக்குறைய 80 சதவீதம் சாஞ்சியோவேசே, 15 சதவீதம் கபர்னே சாவிஞ்ஞோன், மீதி கபர்னே ஃப்ராங்க். இந்த இரண்டும் பிரெஞ்சுச் சிவப்புத் திராட்சை ரகங்கள். ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். இதைக் கபர்னே ஒயின் என்று எண்ணி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நாக்கில் முதலில் தெரிவது சாஞ்சியோவேசேயின் புளிப்பும் செர்ரி மணமும்தான். அந்தத் திராட்சைக்கு அமிலமும் துவர்ப்பும் அதிகம். நிறமும் நடுச்சுவையும் குறைவு. கபர்னே அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. அதன் அளவு மிகவும் கூடிப்போயிருந்தால் பிளாக்கரன்ட் பழ மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கியிருக்கும்.

தோட்டம் ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே, க்ரேவே, பேசா ஆறுகளின் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உள்ள மலைச்சரிவு. ஏறத்தாழ 57 ஹெக்டேர், கடல் மட்டத்துக்கு மேல் 350 முதல் 400 மீட்டர், தென்மேற்குப் பார்த்த சரிவு. சாஞ்சியோவேசே தாமதமாகப் பழுக்கும் ரகம். அதற்குப் பிற்பகல் வெயிலும் வேண்டும், இரவுக் குளிரும் வேண்டும். வெயில் தோலைப் பழுக்க வைக்கும். குளிர் புளிப்பைக் காப்பாற்றும். மண்ணில் இரண்டு வகைக் கற்கள்: அல்பரேசே என்னும் வெளிர் சுண்ணாம்புக்கல், கலெஸ்த்ரோ என்னும் உதிர்ந்துபோகும் களிப்பாறை. மண்ணிலிருந்து எடுத்த இந்தக் கற்களை உடைத்துக் கொடிகளின் அடியில் பரப்பியிருக்கிறார்கள். வெளிச்சம் கல்லில் பட்டுத் திரும்பிக் குலைகளின் அடிப்பக்கத்தையும் தொடும். இதே மலையில்தான் அந்தினோரியின் இன்னொரு ஒயினான, கபர்னே முன்னணியில் நிற்கும் சோலாயாவும் விளைகிறது.

விளைச்சல் சரியில்லாத ஆண்டில் தின்யானெல்லோ வருவதே இல்லை: 1984, 1992, 2002 ஆண்டுகளின் பாட்டில்கள் கிடையாது. அப்படி யாராவது விற்றால் அது போலி. 2016 சமநிலை கொண்ட ஆண்டு, வைத்துக் குடிக்க ஏற்றது. 2014 மழையால் மெலிந்தது; ஆனால் அதிகம் காத்திருக்கத் தேவையில்லை. 2017-ல் ஏப்ரல் உறைபனியும் கோடை வறட்சியும் சேர்ந்ததால் ஒயின் கொழுமையாக, துவர்ப்பு சற்று முரடாக இருக்கும்.

இதன் பெரிய குறை, கடையில் கிடைக்கும் வயதில் அது தயாராக இல்லாததுதான். சிறிய ஓக் பீப்பாய்களில் ஓராண்டுக்கு மேல் கிடந்த ஒயின் இளமையில் வெனிலாவும் கிராம்பும் வீசும். பழம் பின்னால் ஒளிந்திருக்கும். அறுவடையிலிருந்து எட்டு, பத்து ஆண்டு கழித்துத்தான் மரவாசனை அடங்கி, உலர்ந்த செர்ரி, தோல், புகையிலை மணங்கள் மேலே வரும். அதுவரை 12 முதல் 14 டிகிரி வெப்பத்தில், இருட்டில், படுக்க வைக்க வேண்டும். வசதி இல்லையென்றால் இந்த விலையைக் கொடுப்பது வீண். அதே எஸ்டேட்டின் திராட்சையில் வரும் மார்கேசே அந்தினோரி கியாந்தி கிளாசிக்கோ ரிசெர்வா மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும். இளமையிலேயே நன்றாக இருக்கும்.

இளம் பாட்டிலானால் டிகான்டரில் (ஒயினைக் காற்றாட விடும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி ஒன்றரை, இரண்டு மணி நேரம் விடுங்கள். பதினைந்து வயது தாண்டியதை அப்படிச் செய்தால் மணம் பறந்துவிடும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் தங்கியதும், பரிமாறும் நேரத்தில் மெதுவாக ஊற்றினால் போதும். 16 முதல் 18 டிகிரியில் பரிமாறுங்கள். 20-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். 14-க்குக் கீழே துவர்ப்பு கடுக்கும். ஃபிளாரன்ஸ் பாணி மாட்டிறைச்சி ஸ்டேக், காட்டுப்பன்றி ராகு (இறைச்சிக் குழம்பு) ஊற்றிய பாப்பர்தெல்லே என்னும் அகலப் பாஸ்தா, முதிர்ந்த பெக்கொரீனோ ஆட்டுப்பால் சீஸ் ஆகியவற்றின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை மழுக்கும். காரமான உணவு வேண்டாம். எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.

திறந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் கோளாறு. காற்றாட விட்டாலும் சரியாகாது, கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். கார்க் மேலே தள்ளி நின்று, கழுத்தை மூடிய உறைக்குள் பிசுபிசுப்பு இருந்தால் வழியில் எங்கோ வெயிலில் கிடந்த பாட்டில். அதை வாங்கும் இடத்திலேயே பார்த்து ஒதுக்கிவிடலாம். மிச்சம் வைத்தால் கார்க் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இளம் ஒயின் மறுநாள் இன்னும் நன்றாகவே இருக்கும், பழையது தாங்காது.