போர்த்தொனாச்சோவா, லுதோவிசியா? ரோமில் ஒரு பிற்பகலுக்கு

இரண்டுமே போர்க்காட்சி செதுக்கிய பளிங்குச் சவப்பெட்டிகள். ரோம் தேசிய அருங்காட்சியகத்தின் இரு வேறு மாளிகைகளில் இருக்கின்றன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது?

இடம்: போர்த்தொனாச்சோ, டெர்மினி ரயில் நிலையத்தருகே பலாஸ்ஸோ மாஸ்ஸிமோவில். லுதோவிசி, நவோனா சதுக்கத்தருகே பலாஸ்ஸோ அல்டெம்ப்ஸில்.

காலம்: முன்னது கி.பி. 180ஐ ஒட்டியது, பின்னது 250–260.

செதுக்கல்: லுதோவிசியில் எள் போட இடமில்லை. ரோமானியரும் எதிரிகளும் குதிரைகளும் அடுக்கடுக்காக நெரிவதில் பின்னணியே மறைந்துவிடுகிறது. போர்த்தொனாச்சோவிலும் நெரிசல்தான், ஆனால் இரு ஓரங்களிலும் வெற்றிச் சின்னங்களின் கீழ் நிற்கும் கைதிகள் காட்சிக்குச் சட்டம் கட்டித் தருகிறார்கள்.

முகம்: இங்கேதான் உண்மையான வேறுபாடு. லுதோவிசியின் இளம் தளபதி தலைக்கவசமின்றிக் கை நீட்டுகிறான். நெற்றியில் பெருக்கல் குறி போன்ற ஓர் அடையாளம், அதன் பொருள் இன்றும் விவாதத்தில். போர்த்தொனாச்சோ தளபதிக்கு முகமே இல்லை. இறந்தவரின் சாயலைச் செதுக்க ஒதுக்கிய கல் அப்படியே நிற்கிறது. மூடியில் உள்ள தம்பதிக்கும் அதே கதி.

சிற்பத்தின் வேகம் வேண்டுவோர் லுதோவிசிக்குப் போகலாம். பட்டறை எப்படி வேலை செய்தது என்று அறிய விரும்புவோருக்குப் போர்த்தொனாச்சோ. என் ஓட்டும் அதற்கே.