மலையக நாவல் வாசிப்புக் கைநூல்: இரண்டாம் அத்தியாயத்துக்காக வாங்கலாம்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துப் புத்தகக் கடைகளில் உயர்தரத் தமிழ் மாணவரை நம்பி விற்கப்படும் கைநூல் இது. தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நாவல்களில் குறியீடு, குடும்ப உறவு, வர்க்கம் மூன்றையும் ஆராய்ந்து எழுதச் சொல்லித்தருகிறது. மூன்றில் ஒன்றைத்தான் உருப்படியாகச் செய்திருக்கிறது.

குறியீட்டு அத்தியாயம் வெறும் அட்டவணை. கூடைக்கு நேரே உழைப்பு, பனிக்கு நேரே துயரம், லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடு) நேரே அடிமைத்தனம். இதை மனனம் செய்தவர் எந்த நாவலுக்கும் ஒட்டிவிடுவார். விடைத்தாள் திருத்துபவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு பொருள் குறியீடுதானா என்று அறிய மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும். அந்தப் பொருள் கதையில் திரும்ப வருகிறதா? வரும்போது அர்த்தம் நகர்கிறதா? குறியீடாவதற்கு முன் வெறும் பொருளாகத் தன் வேலையைச் செய்கிறதா? கைநூல் கோட்டைவிட்டது மூன்றாவதில். பறித்த கொழுந்து மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகையில்) தராசு ஏறும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிப்பார்கள்; மிச்சம்தான் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏறும். அன்றைய அளவுக்கு எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இது தெரிந்தவருக்குத்தான், மகள் தன் கொழுந்தில் இரண்டு பிடியை அள்ளித் தாயின் கூடையில் போடும் காட்சி வந்தால், அங்கே அரைநாள் சம்பளமே கைமாறுகிறது என்று எழுத வரும்.

குடும்பத்தைப் பற்றிய இரண்டாம் அத்தியாயம் அருமை. நாவலை அலசுவதற்கு முன், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவையும் (லயத்து அறை) இஸ்தோப்பையும் (முன் வராந்தா) தாளில் வரையச் சொல்கிறார்கள். அடுப்பு எங்கே, யார் எங்கே படுக்கிறார்கள், மகனுக்குக் கல்யாணமானதும் யார் இஸ்தோப்புக்கு வெளியேறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். மாமியார் மருமகள் சண்டையில் பாதி அந்தப் படத்திலேயே விளங்கிவிடும். பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். கதைமாந்தர் வாய்மூடி இருக்கும் இடங்களை அதனால்தான் தனியாகக் குறிக்கச் சொல்கிறார்கள். இப்படி ஒரு பயிற்சி வேறு வழிகாட்டிகளில் கண்ணில் பட்டதில்லை.

அதே அத்தியாயத்தில் ஒரு பிழை. மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தையும் அவர்கள் பற்றி இந்தியாவோடு செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடக்கும் கதையில் ஒருவர் படிவம் நிரப்பினால், அது பெரும்பாலும் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளருக்கான 1949 சட்டத்தின்படி இலங்கைப் பிரஜையாகப் பதியக் கேட்கும் விண்ணப்பம். கல்யாணமானவருக்கு 7 வருட வதிவு, ஆகாதவருக்கு 10 வருடம் காட்ட வேண்டும். ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இங்கேயும் என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கியது. அண்ணன் ஒரு கரை, தங்கை ஒரு கரை என்ற பிரிவு இதற்குப் பின் வரும் கதைகளுக்கே பொருந்தும். ஆண்டைப் பார்க்காமல் எழுதினால் விடை கவிழ்ந்துவிடும்.

வர்க்க அத்தியாயத்தில் துரை (தோட்ட நிர்வாகி) ஒரு பக்கம், தொழிலாளி மறுபக்கம், அவ்வளவுதான். கிளாக்கர் (எழுத்தர்), கணக்கப்பிள்ளை (வேலை மேற்பார்வையாளர்), கங்காணி (தொழிலாளர் குழுத் தலைவர்) என்று நடுவில் நிற்பவர்களைக் காணோம். பழைய கால நாவல்களில் பெரிய கங்காணி தொழிலாளிக்குச் சொந்தக்காரராகவும் இருப்பார், கடன்காரராகவும் இருப்பார். கடன் தொகை எழுதிய துண்டு கிடைக்காமல் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையைத் தடைசெய்தது. உறவும் கடனும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் இந்த நாவல்களின் முடிச்சு. சாதிக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறார்கள், அதுவும் அடைப்புக்குறிக்குள்! யாருக்கு எந்த லயம், யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார் என்பதை விட்டுவிட்டு வர்க்கத்தை எப்படி எழுதுவது? யார் யாரை 'துரைங்க', 'ஐயா', 'மாமா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதை நாவலின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டால் இந்த அத்தியாயம் இல்லாமலே சமாளிக்கலாம்.

மாதிரி விடைகள் அட்டவணையை நம்பி எழுதியவை; படிக்க வேண்டாம். ஸ்டேப்பிள் பின் அடித்த புத்தகம், நுவரெலியா ஈரத்துக்குத் தாங்காது. வாங்கியதும் நூல் போட்டுத் தைத்துக்கொள்ளுங்கள். முதலில் கழன்று வருவது நடுப்பக்கங்கள், இரண்டாம் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.