ஆல்கோவா, ஜிஎம்மா? 1962-ல் வந்த இரண்டு டீசல்கள்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து இரண்டு டீசல் எஞ்சின் வகைகள் நம் அகலப்பாதைக்கு வந்தன. ஆல்கோ (அமெரிக்கன் லோகோமோட்டிவ் கம்பெனி) கட்டிய டபிள்யூடிஎம்-2 ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) கட்டிய டபிள்யூடிஎம்-4 இன்னொன்று. இரண்டுக்கும் 2,600 குதிரைத்திறன், ஆறு மோட்டார், உச்ச வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். எண்களை மட்டும் பார்த்தால் இரட்டைப் பிறவிகள்தான்.

ஓடும்போதுதான் வித்தியாசம் தெரியும். ஆல்கோ கிளம்பும்போது நடைமேடைக் கோடியில் நின்றவர்கள் அதை மறக்க மாட்டார்கள். டிரைவர் நாட்ச், அதாவது வேகக் கைப்பிடியின் படி, ஏற்றியதும் கருகருவென்று புகை எழும்பும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சீழ்க்கை அப்புறம்தான் கேட்கும். ஆல்கோவில் டர்போவைச் சுழற்றுவது எஞ்சின் கக்கும் சூடான புகை மட்டுமே. டீசல் முதலில் உள்ளே போய்விடும், அதை எரிக்க வேண்டிய காற்று சற்றுப் பின்னால்தான் வந்து சேரும். எரியாத மிச்சம்தான் அந்தக் கரும்புகை. ஜிஎம்மில் தொடக்கத்தில் எஞ்சினே பல்சக்கரம் வழியாக டர்போவைச் சுற்றிக் கொடுக்கும். புகைக்குப் போதிய வலு வந்ததும் அந்தப் பிடி தானாக விட்டுவிடும். இந்த ஒரு வேலைப்பாட்டுக்காகவே, இயந்திரம் என்று பார்த்தால் என் ஓட்டு ஜிஎம்முக்குத்தான். 1969-ல் ஹவுராவுக்கும் புதுடெல்லிக்கும் இடையே முதல் ராஜ்தானியை இழுத்ததும் அதுதான்.

சரி, அப்படியானால் 72 வண்டிகளோடு ஏன் நின்றுபோனது? தொழில்நுட்பத்தைக் கொடுக்க ஜிஎம் முன்வரவில்லை, ஆல்கோ முன்வந்தது. வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை 1964-ல் தன் முதல் டபிள்யூடிஎம்-2-வை வெளியே விட்டது. அமெரிக்காவில் ஆல்கோ 1969-ல் எஞ்சின் கட்டுவதையே நிறுத்திவிட்டது. தாய்க் கம்பெனி போன பிறகும் வாரணாசியில் உற்பத்தி நிற்கவில்லை. 1990-களின் இறுதிவரை 2,600-க்கும் மேற்பட்ட டபிள்யூடிஎம்-2-கள் வந்தன. பொன்மலை, ஈரோடு ஷெட்டுகளில் அவற்றைப் பிரித்து மாட்டியே கை பழகிய தலைமுறைகள் உண்டு. வடிவமைப்பு நம் கையில் இருந்ததால், பழைய வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்து 3,100 குதிரைத்திறனுக்கு ஏற்றி, டபிள்யூடிஎம்-3ஏ என்று மறுபடி ஓடவிட முடிந்தது. வெறும் 72 வண்டி கொண்ட வகைக்கு அப்படி மெனக்கெட யார் வருவார்கள்?

ஆல்கோவைத் தேர்ந்தெடுத்தது சரி என்பேன். ஆனால் அதிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டது எனக்கு வருத்தம்தான். ஜிஎம்மோடு ஒப்பந்தம் கையெழுத்தாக 1990-களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 1999-ல் 4,000 குதிரைத்திறன் டபிள்யூடிஜி-4 வந்து இறங்கியது. இந்தத் தடவை தொழில்நுட்பமும் கூடவே வந்தது. ஆல்கோவைக் கட்டிய அதே வாரணாசியில்தான் அதுவும் தயாரானது.