மார்கழிப் பனியும் துருவும்: மண்டபத்தில் ஒரு பைக்குடன் ஏழு வாடைக்காலம்

2018-இல் வாங்கிய 125 சிசி பைக். மண்டபத்தில் வீடு, ராமேஸ்வரத்தில் வேலை. ஞாயிறு தவிர மற்ற நாள்களில் பாம்பன் சாலைப் பாலத்தைப் போகவும் வரவும் கடக்கிறேன். இதுவரை 84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின் ஒரு நாளும் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. ஏழு ஆண்டுகளாக நான் மல்லுக்கட்டுவது துருவோடு மட்டும்தான். கடற்கரையில் பைக் வைத்திருக்கும் யாருக்காவது உதவும் என்பதால், செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் ஆண்டு எனக்கு மழைமேல்தான் பயம். ஐப்பசி பிறந்ததும் தார்ப்பாய் வாங்கி, தினமும் வீட்டுக்கு வந்தவுடன் தலை முதல் சக்கரம் வரை மூடிக் கயிறு கட்டிவிடுவேன். மழை விட்ட பிறகும் பனிக்குப் பயந்து அதைத் தொடர்ந்தேன். தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். சைலன்சர் வளைவின் அடியில் கைவிட்டுத் தடவியபோது விரலில் செம்மண்போல் தூள் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். ஸ்போக்ஸ் கம்பிகள் ரிம்முக்குள் நுழையும் இடத்தில் கம்பியை இறுக்கும் ஒவ்வொரு நிப்பிளைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. சென்டர் ஸ்டாண்ட் பொருத்திய இடத்தில் பெயிண்ட் அம்மைக் கொப்புளம்போலப் பொருமியிருந்தது. நகத்தால் அழுத்தியதும் உடைந்து உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது. வாங்கி ஒன்பது மாதம்கூட ஆகாத வண்டி. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருவில் விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். சுற்றிவந்து பார்த்துவிட்டு, “தம்பி, மழையைக் குறை சொல்லாதே. உன் வண்டியை இதுவரை காப்பாற்றியதே அதுதான். மழை கழுவும், பனி கழுவாது” என்றார். இந்த ஏழு ஆண்டில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து கிளைத்ததுதான்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைக் காற்று வடகடலிலிருந்து உப்பை அள்ளிக்கொண்டு வந்தாலும், அடுத்த நாளே ஒரு மழை அடித்து அதைக் கழுவிவிடுகிறது. மார்கழியில் மழை ஓய்ந்துவிடும், காற்று ஓயாது. உப்பு வண்டியில் படிந்து அப்படியே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சோற்று உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு இதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. ஆகவே ஒரு சொட்டு மழை விழாத இரவிலும் இரும்பின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கிறது. தார்ப்பாய் போட்டு மூடினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. நான் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வண்டியை ஊறப்போட்டிருக்கிறேன்.

தார்ப்பாயை அன்றே மடித்து வைத்துவிட்டேன். இப்போது வண்டி தாழ்வாரத்தில், மேலே கூரையும் பக்கத்தில் காற்றோட்டமும் உள்ள இடத்தில் நிற்கிறது.

அடுத்து செய்த தவறு தண்ணீரில். கழுவினால் போதும் என்று இரண்டாம் ஆண்டு முழுக்க வீட்டுப் போர் தண்ணீரால் வாரம் இருமுறை கழுவினேன். துரு குறையவில்லை. ஒருநாள் கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. கறுப்பு டேங்கின்மேல் ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம். நாக்கில் வைத்தால் கரித்தது. எங்கள் போர் தண்ணீர் உவர் என்பது தெரியாத விஷயமா? குடிக்க, சமைக்கக் குடம் குடமாக நல்ல தண்ணீரைப் பிடித்து வைக்கும் வீடு இது. வண்டிக்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை. வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் கடற்கரை ஊர்களில் பெரும்பாலும் இதே கதைதான்; கூடவே அந்த அழுத்தம் தண்ணீரைச் சக்கரத்தின் பேரிங்குக்குள் தள்ளிவிடும்.

குடிக்கும் தண்ணீரைப் பைக்குக்கு ஊற்ற அம்மா ஒப்பவில்லை. அது நியாயம்தான். அதனால் 2020 முதல் மழைநீரைச் சேமிக்கிறேன். முதல் இரண்டு மழையை விட்டுவிடுவேன், கூரையில் படிந்த உப்பு அதோடு போய்விடும். பிறகு 200 லிட்டர் டிரம் இரண்டை நிரப்பி, கொசு முட்டையிடாதபடி துணி கட்டி இறுக்கமாக மூடிவிடுவேன். மூன்று நாளைக்கு ஒருமுறை 20 லிட்டர் போதும். செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் 5 லிட்டர் எடுத்து மட்கார்டின் உள்பக்கம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்ட், சைலன்சர் அடி ஆகியவற்றுக்கு அடிப்பேன். மீதி ஒரு குடம் மேலிருந்து மெதுவாக. பளபளக்கும் டேங்கைவிடக் கண்ணுக்குத் தெரியாத இந்த அடிப்பகுதிக்குத்தான் கவனிப்பு அதிகம் வேண்டும்.

எப்போது கழுவுகிறோம் என்பதும் முக்கியம். முன்பு ஞாயிறு காலையில் கழுவுவேன். இப்போது வேலை முடிந்து வந்து இன்ஜின் சூடு தணிந்ததும், மாலையிலேயே. பனி இறங்குமுன் உப்பு போய்விட வேண்டும். கழுவி முடித்ததும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் பிரேக் டிரம்மும் செயினும் காய்ந்துவிடுகின்றன.

இன்னொன்றும் கவனித்தேன். வலப்பக்கத் துரு எப்போதும் இடப்பக்கத்தைவிட அதிகம். போகும்போது வாடை இடப்புறம் அடிக்கிறது, வரும்போது வலப்புறம். ஆகவே பாலம் காரணமில்லை. வேலையிடத்தில் நாள் முழுக்கச் சைலன்சர் பக்கம் வடக்கைப் பார்க்க நிறுத்திவந்திருக்கிறேன்! திருப்பி நிறுத்தத் தொடங்கிய பிறகு அந்த வேறுபாடு குறைந்துவிட்டது. காசு செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதான்.

பூச்சுகளில் பலவற்றை முயன்றேன். பட்டறையில் கழிவு ஆயிலை அடியில் பூசிவிடுவார்கள். துரு நிற்கும், ஆனால் கடற்கரை மணல் அப்பிக்கொண்டு ரப்பர் புஷ்களையும் கெடுத்தது. கைவிட்டேன். டேங்குக்கும் சைடு பேனலுக்கும் கார் வேக்ஸ், கார்த்திகையில் ஒன்று, தையில் ஒன்று. நிப்பிள்கள், போல்ட் தலைகள், பேட்டரி முனைகள் எல்லாவற்றுக்கும் வாஸ்லின். போல்ட் எதைக் கழற்றினாலும் மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டுவதில்லை. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் உப்போடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பிறகு தலை முறிந்துதான் வரும். செயினுக்கு 90 நம்பர் கியர் ஆயில். முதல் செயின் 11,000 கிலோமீட்டரில் போனது, இப்போது ஓடுவது 22,000-ஐத் தாண்டிவிட்டது.

துரு பெரும்பாலும் சமதளத்தில் தொடங்குவதில்லை. கிளாம்புக்கு அடியில், வாஷருக்குக் கீழே, இரண்டு தகடு சேரும் இடுக்கில்தான் தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும், முழுக்கப் பற்றவைத்த மூட்டுகளும் என்று படித்தபோது எனக்கு இடுக்கே இல்லாத அந்த மூட்டுகள்தான் மனத்தில் நின்றன. 1914-இல் திறந்த பழைய பாலத்தை இந்தக் காற்று என்ன செய்தது என்பதை தினமும் பார்த்துக்கொண்டே போனவன் நான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துரு ஆய்வுக்கு எங்கள் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் வியப்பில்லை.

இன்றைய நிலை: சைலன்சர் 2021-இல் ஒருமுறை மாற்றியது, அதன்பின் தாங்குகிறது. ரிம்கள் பழையவையே. பெட்ரோல் மூடியைச் சுற்றிய வளையத்தில் மட்டும் ஒவ்வொரு தையிலும் லேசாகத் துரு எட்டிப் பார்க்கிறது. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் டேங்கை முக்கால்வாசிக்குக் குறையாமல் வைத்துக்கொள்கிறேன், உள்ளே வேர்த்து நீர் சேராமல் இருக்க. இந்தக் கார்த்திகையில் இரண்டு டிரம்மும் நிரம்பிவிட்டன. தை கடைசி வரை வரும்.